எறிஞ்சது எறிஞ்சதுதான்

காலுக்குக் கீழ கீற அந்த வெள்ள டப்பாவ மட்டும் ஒதைக்காதீங்கமா, அதுல புழு கீது. அய்யய்யோ, கால மேல தூக்கிக்கினு குந்த வேணாம், மூடி டைட்டாத்தான் போட்டு கீது. நூத்தி நாப்பத்தி மூணு. காலையிலதான் எண்ணி முடிச்சோம். சேத்துப்புழுமா, ஒண்ணும் பண்ணாது. உங்களப் பாத்து அதுங்கதான் பயந்துகினு இருக்கும்.

ஆமா, நாத்தம் வரும். உப்பங்கழி நாத்தம்மா அது. உப்புத்தண்ணி, சேறு, செத்த நத்த எல்லாம் சேந்து அடிக்கும். இந்த ஆம்னி முன்னாடி ஸ்கூலுக்கு ஓடிகினு இருந்த வண்டி. பதினாறு புள்ளைங்க ஏறும், அதுல நாலு வாந்தி எடுக்கும், அப்பகூட இவ்ளோ நாத்தம் இல்ல. ஜன்னல இன்னும் கொஞ்சம் தள்ளிக்கங்க. ம்... அது அவ்ளோதான் தள்ளும், உடுங்க.

மேடமே செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்கள இட்டுகினு போவணும்னுதான் இருந்தாங்க. இன்னிக்கின்னு பாத்து பன்னெண்டு மணி நேர ரீடிங்கு. காலையில ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், மணிக்கொரு தபா தண்ணி எவ்ளோ சூடு, எவ்ளோ உப்பு, எவ்ளோ கலங்கல்னு எழுதணும். ஒரு மணி உட்டாலும் அன்னிக்கி எழுதுனது மொத்தம் வேஸ்டு. அதான், டிரைவரு, நீ போய் எங்கம்மாவ பத்திரமா இட்டுகினு வா, வழியில பேசிகினே வா அப்டின்னு அனுப்ச்சாங்க. பேசுறதுக்கு நமக்கு சொல்லியா தரணும்?

இன்னாமா? எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு எதுக்கு சேத்துல எறங்கி புழு எண்ணணும்னா? நல்லா கேட்டீங்க. நானும் மொத நாளு இதே கேள்விதான் கேட்டேன். உலகநாதன் சாரு இருக்காரே, மேடத்தோட புரொபசரு, அவுரு சொன்னாரு. யோவ், ஒரு ஊருன்னு இருந்தா வோட்டர் லிஸ்ட்டு வேணுமா வேணாமா? இந்தக் கழிதான் ஊரு. நண்டு, நத்த, புழு, மீனு, கொக்கு, எல்லாம் இதுல குடித்தனம் பண்ணுது. எவன் எங்க கீறான், எவ்ளோ சூடு தாங்குறான், எவ்ளோ உப்பு தாங்குறான், எந்த மாசம் வரான், எந்த மாசம் பூடுறான், அத ஒரு வருஷம் உக்காந்து எழுதுறோம். நாளைக்கு எவனாவது லாரியில மண்ணக் கொண்ணாந்து கொட்டி, இங்க யாருமே இல்லன்னு சொன்னா, நம்ம கையில லிஸ்ட்டு இருக்கும்ல? அப்டின்னாரு. எனக்கு நாயமாத்தான் பட்டுது.

நான் வண்டி ஓட்ட வந்தவன்தான்மா. பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி வேல. காலைல வுட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் புளியமரத்தடியில குந்திகினு இருப்பேன். எவ்ளோ நேரந்தான் போன நோண்டுறது? ரெண்டாவது தபாவே மேடம் கூப்ட்டாங்க. டிரைவரு, சும்மாதான இருக்க, இந்தக் கயித்தோட அந்த முனைய புடி. புடிச்சேன். அவ்ளோதான், அன்னிக்கி மாட்டுனவன்.

எரும கதைய சொன்னாங்களா உங்ககிட்ட? சொல்லலையா! வூட்டுல இதெல்லாம் சொல்லவே மாட்டாங்களா?

வெள்ள பைப்ப வெட்டி சதுரமா ஒரு சட்டம் செஞ்சி வெச்சிருக்காங்கமா. அரை மீட்டருக்கு அரை மீட்டரு. கண்ண மூடிக்கினு அத எங்கியாவது எறியணும். எங்க வுழுதோ, அதுக்குள்ள கீற உசுரு அத்தினியையும் எண்ணணும். கண்ணத் தொறந்துகினு எறிஞ்சா, நண்டு நெறையா கீற எடமா பாத்துப் போட்டுடுவோமாம். அது தில்லாலங்கடி வேலையாம். எறிஞ்சது எறிஞ்சதுதான், மறுபடி எறியக்கூடாது, அதான் ரூலு. அன்னிக்கி ஏழாவது தபா. மேடத்துக்குக் கை வலின்னு என்ன எறியச் சொன்னாங்க. நான் கபடி ஆடுனவன். கண்ண மூடிக்கினு ஒரே சுத்து சுத்தி வுட்டேன் பாருங்க, சத்தமே வரல. கண்ணத் தொறந்தா, கரையில மாடு மேய்க்கிற எல்லப்பனோட எரும கழுத்துல மாலை மாதிரி கீது!

சிரிக்காதீங்கமா. நானும் சிரிச்சேன், மேடம் மொறைச்சாங்க. சரி மேடம், கழட்டிகினு வந்து வேற எடத்துல எறியிறேன்னேன். கூடாதுன்னுட்டாங்க. எறிஞ்சது எறிஞ்சதுதான், சட்டத்துக்குள்ள இன்னா கீதோ அத எண்ணு. எரும நடந்து போயிகினே கீது. மேடம் நோட்டு பென்சிலோட பின்னாடியே ஓடுறாங்க. நான் அதுக்குப் பின்னாடி. எல்லப்பன் கரையில நின்னுகினு, யோவ் டிரைவரு, எம்மாட்டுக்கு இன்னாய்யா மாட்டி வுட்ட, பால் கறக்காதுய்யான்னு கத்துறாரு. எரும நேரா தண்ணியில எறங்கி, கழுத்து வரைக்கும் ஷோக்கா படுத்துக்கிச்சு. மேடமும் இடுப்பளவு தண்ணியில நின்னு எண்ணுனாங்க. உண்ணி பதினொண்ணு, அட்ட ரெண்டு, ஈ முப்பதுக்கு மேல, அது பறக்குது, கரீட்டா எண்ண முடியல. கொக்கு ஒண்ணு வந்து முதுகுல குந்திச்சி, அதோட காலு சட்டத்துக்கு உள்ளயா வெளியவான்னு அவங்களுக்கும் எனக்கும் சண்ட. கடைசியில ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியன்னு, அரை கொக்கு அப்டின்னு எழுதிகினாங்க.

சத்தியமாமா. நோட்டுல கீது. ஏழாவது சதுரம், எரும ஒண்ணு, கொக்கு அரை. உலகநாதன் சாரு கண்ணாடிய தொடச்சிப் போட்டுகினு அத ரெண்டு தபா படிச்சாரு. அப்புறமா, பொய் எழுதாம வந்தியே, அது போதும்மான்னாரு.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இந்தப் பொண்ணு வேற மாதிரின்னு. இல்லமா, மரியாதையாத்தான் சொல்றேன். மேடம்.

இதோ, மல தெரியுது பாருங்க, திருக்கழுக்குன்றம். ஒரு டீ சாப்புடுறீங்களா? வேணாமா? சரி. மோரு? அதுவும் வேணாமா. சரி சரி.

உப்பு எப்டி பாக்குறதுன்னு கேளுங்களேன். கேக்கலன்னாலும் சொல்றேன். சின்னதா பைனாகுலர்ல பாதி மாதிரி ஒரு சாமான். அதும்மேல ஒரு சொட்டு தண்ணி வுட்டு, வெளிச்சத்துல கண்ணு வெச்சிப் பாத்தா நம்பரு தெரியும். ஒரு நாளு அது கீழ வுழுந்து ஒடஞ்சி பூடுச்சி. மேடம் அழற மாதிரி ஆயிட்டாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். கைல ஒரு வாய் அள்ளி நாக்குல வெச்சிப் பாத்துட்டு, இருவத்தி ரெண்டு இருக்கும் மேடம்னேன். இல்லமா, எனக்கு அது கணக்கு. எங்கம்மா ரசம் வெச்சா பன்னெண்டு, கருவாட்டுக் கொழம்பு வெச்சா இருவத்தெட்டு. மறுவாரம் புது சாமான் வந்துது. சாரு அஞ்சி டம்ளர்ல அஞ்சி தண்ணி வெச்சி, என் கண்ணக் கட்டி வுட்டு சொல்லச் சொன்னாரு. அஞ்சும் சொன்னேன். ரெண்டு முன்ன பின்ன, அவ்ளோதான். சாரு கை தட்டுனாரு. அதுக்கப்பறம் மூணு நாளு வயித்தால போயி, சதுரங்கப்பட்டினம் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனாங்க. மேடம் வந்து பாத்தாங்க. ஆரஞ்சிப் பழம் வாங்கிகினு வந்திருந்தாங்க. வந்தவுடனே கேட்ட மொத கேள்வி, எந்த டம்ளரு தண்ணின்னு தெரியுமா, டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.

மேல சொல்லுங்க, இன்னாமோ சொல்ல வந்தீங்க. வெள்ளிக்கிழமையா? இந்த வெள்ளிக்கிழமையா? யாரு, அச்சரப்பாக்கத்துலேர்ந்தா... பொண்ணு பாக்கவா?

ஒண்ணுமில்லமா, ஒண்ணுமில்ல, பள்ளம். நல்லா புடிச்சிக்கங்க. தலை இடிச்சிச்சா? சாரிமா. புதுப் பள்ளம் போல, நேத்து இல்ல. டப்பாவ பாருங்க, மூடி கழண்டிகிச்சா? இல்லியே? அப்பாடா.

ஹரிஹரனா. பேரு நல்ல பேருமா. பேங்க்குலயா? பேங்க்கு நல்ல வேலைதான். ஏசி. ஃபோட்டோவா? வண்டி ஓட்டிகினு கீறேன்மா, அப்புறமா பாக்குறேன். சரி காட்டுங்க. ம். நல்லா செவப்பாத்தான் கீறாரு. இந்த ஆளு சேத்துல நின்னா மதியத்துக்குள்ள மிளகாப் பழம் ஆயிடுவாரு. சும்மா சொன்னேன்மா.

அதுக்குத்தான் கையோட இட்டுகினு போவ வந்திருக்கீங்களா. ஓ. அவங்களுக்குத் தெரியாதா? தெரியாது. சொன்னா வர மாட்டாங்கன்னு. புரியிது.

இல்லமா, நான் டிரைவரு, எனக்கு இதுல பேச்சே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். பதினோரு மாசம் முடிஞ்சிகீது, இன்னும் ஒரே ஒரு மாசம்தான். இப்ப நிறுத்துனா ஒரு வருஷக் கணக்கு கணக்கே இல்ல. மாசிலேர்ந்து எண்ணுனது மொத்தம் கழியிலயே போட வேண்டிதான். அந்தப் பொண்ணு சித்திர வெய்யில்ல, கழி பாதி வத்தி, மீனெல்லாம் வாயப் பொளந்து கெடந்தப்ப, ஒவ்வொரு மீனையும் ஸ்கேல் வெச்சி அளந்துச்சு. ஐப்பசியில மழ வந்து முகத்துவாரம் தொறந்துகினு கடலுத் தண்ணி உள்ள வந்த அன்னிக்கி, குதிச்சி குதிச்சி கைதட்டுச்சு. உப்பு ஒரே ராத்திரியில ஏறிப்போச்சி பாருன்னு. உப்பு ஏறுனதுக்கு சந்தோசப்பட்ட ஒரே ஆளு அவங்கதான்மா. மத்தவங்களுக்கெல்லாம் பிரஷர் ஏறும்.

நண்டா? நண்டு கடிக்காதான்னா? அது சின்ன நண்டுமா, வெரல் நக அளவு. கடிக்கிறதெல்லாம் இல்ல. அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான எண்ணிக்க. கெளுத்தி, எறா எல்லாம் வலையில வந்துடும். இந்த நண்டு நம்ம காலடி சத்தம் கேட்டாலே வளைக்குள்ள பூந்துக்கும். ஆம்பள நண்டுக்கு ஒரு கை மட்டும் அதோட ஒடம்பு சைசுக்கு பெருசா இருக்கும், வெள்ளையா. நாம போயி பாய் போட்டு குந்திடணும். ஆடக்கூடாது, பேசக்கூடாது, இருமக்கூடாது. பதினஞ்சு நிமிஷம். அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணா எட்டிப் பாக்கும். மேடம் வலப்பக்கம் எண்ணுவாங்க, நான் எடப்பக்கம். ஒரு நாளைக்கு அஞ்சி எடம். நெனச்சிப் பாருங்க, நானு, பேசாம, பதினஞ்சு நிமிஷம்! மொத தபா எனக்கு மூச்சே முட்டிச்சி. அப்புறம் பழகிப்போச்சி. அப்புறம்... அப்புறம் புடிச்சிப்போச்சி.

அந்த ஆம்பள நண்டு வளை வாசல்ல நின்னுகினு அந்தப் பெரிய கைய ஆட்டும்மா. வா, வா, வா. பொம்பள நண்டு பாட்டுக்கு போவும். ஒவ்வொரு வூடா நின்னு பாக்கும். சிலதுல உள்ள எறங்கிப் பாத்துட்டு, ச்சீ, வேணாம்னு வெளிய வந்துடும். மேடம் கம்பி மாதிரி ஒரு தெர்மாமீட்டர உள்ள வுட்டுப் பாத்தாங்க. வெளிய சேறு முப்பத்தொம்போது டிகிரி, உள்ள முப்பத்தொண்ணு. கையி எவ்ளோ பெருசுன்றது இல்ல விஷயம், வூடு குளுமையா கீதான்னு பாத்துத்தான் அது எறங்குது, அப்டின்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பேசக்கூடாது இல்ல? ரூலு.

நான் முழுகுன கதை மட்டும் சொல்லிடறேன், எடம் வந்துடும்.

போன மாசம்மா. காத்து அடிச்சி நோட்டு தண்ணியில பறந்து பூடுச்சி. பத்து மாச நோட்டு. மேடம் ஐயோன்னாங்க. நான் யோசிக்கவே இல்ல, சட்டையோட பாஞ்சிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரம் பொறந்தவன்தான், ஆனா தெரியாது. நோட்ட புடிச்சிட்டேன், தலைக்கு மேல தூக்கிகினேன், காலு சேத்துல மாட்டிகிச்சு, ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சேன். அப்பகூட நாக்கு சொல்லுது, இருவத்தி ஆறுன்னு. செத்தேன்டான்னு கத்துறேன். கர்த்தரே, ரட்சிங்கன்னு கத்துறேன். கரையில எல்லப்பனும் எருமையும் வேடிக்க பாக்குது. மேடம் ஆழம் பாக்குற அளவுக் கம்ப தூக்கிகினு ஓடி வந்தாங்க. என்ன இழுக்கத்தான்னு நெனச்சேன். என் பக்கத்துல நட்டு வெச்சிப் பாத்துட்டு, அறுவத்தி ரெண்டு சென்டிமீட்டரு, எழுந்து நில்லுன்னாங்க.

நின்னேன். முட்டிக்குக் கொஞ்சம் மேல.

நீங்க சிரிச்சா மேடம் மாதிரியே கீறீங்கமா. அதே கன்னம். நெசமாத்தான்.

இதோ, திரும்பிட்டோம், இனிமே மண் ரோடு. அதோ, தண்ணிக்கு நடுவுல நீலக் குடை தெரியுதா? அதுக்குக் கீழ குனிஞ்சிகினு நிக்கிறது அவதான். காலையிலேர்ந்து ரெண்டு இட்லி, அவ்ளோதான் துன்னா. நீங்க சொன்னா கேப்பா. நிறுத்திட்டேன், எறங்குங்க. செருப்ப வண்டியிலயே வுட்டுடுங்க, சேறு இழுத்துக்கும். கையக் குடுங்க, பாத்து, பாத்து அத்த.

ஆமா. அத்தன்னுதான் சொன்னேன்.

உங்க காதெல்லாம் நல்லாத்தான் கீது. உக்காருங்க, இப்டி படியிலயே உக்காருங்க. தண்ணி குடிங்க, இது கழித் தண்ணி இல்ல, கேன் தண்ணி. போன பதினெட்டாம் தேதி. திருக்கழுக்குன்றம் ரிஜிஸ்டர் ஆபீஸு. முப்பது நாளு நோட்டீஸ் ஒட்டி வெச்சாங்க, யாருமே படிக்கல. பக்கத்துல ஒரு காணாமப்போன நாயி நோட்டீஸு, அதத்தான் எல்லாரும் படிச்சாங்க. சாட்சிக் கையெழுத்து உலகநாதன் சாரு, எங்கக்கா ரூத்து, எல்லப்பன்.

செங்கல்பட்டுலேர்ந்து சொல்லிடணும் சொல்லிடணும்னுதான் அத்த வரேன். ஒவ்வொரு தபாவும் வாயத் தொறந்தா எரும வருது, நண்டு வருது. அவதான் சொன்னா, வழியில பேசிகினே போயி சொல்லிடு, நீ நல்லாத்தான பேசுவன்னு. அவளுக்கும் பயம். அங்க பாருங்க, இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்றா. தெர்மாமீட்டர தலகீழா புடிச்சிருக்கா.

பேரா? என் பேரு தேவசகாயம்.

ஆமா. அப்டித்தான்.

அப்பா அணுமின் நெலைய டவுன்ஷிப்ல தோட்ட வேல, ரிட்டையர் ஆயிட்டாரு. தாத்தா காலத்துல உங்க ஊரு படாளம் பக்கம் வந்து நடவு நட்டிருக்காங்க. யாரு கழனியிலன்னு கேக்காதீங்க அத்த. கேட்டா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

அவ மதம் மாறல. யாரும் மாறச் சொல்லல. அவ வெளக்கேத்துறா, எங்கம்மா ஜெபம் பண்ணுது. ரெண்டு பேரும் சேந்து சீரியல் பாக்குறாங்க. வூடு சின்னதுதான். ஓடு போட்டது. மதியத்துல வெளிய முப்பத்தாறு, உள்ள முப்பது. அவளே அளந்து பாத்துட்டுதான் வந்தா.

திட்டுங்க. நல்லா திட்டுங்க, நான் கேட்டுகினு நிக்கிறேன். அழுவ மட்டும் வேணாம். நீங்க அழுதா அவ ஓடி வந்துடுவா, ரெண்டு மணி ரீடிங் பூடும்.

ம்.

ம். சரி.

தப்புதான். உங்ககிட்ட மொதல்ல வந்து கேட்டிருக்கணும். கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? ...இல்ல. அதையும் நீங்களே சொல்றீங்க பாருங்க. பொய் சொல்ல மாட்டேன்றீங்க. அவ யாரு மாதிரின்னு இப்பதான் தெரியுது.

இன்னாது? அச்சரப்பாக்கத்துக்கு நீங்களே போன் பண்ணிடறீங்களா? அத்த... ரொம்ப தேங்க்ஸ் அத்த. இல்ல, தேங்க்ஸ் வேணான்னா வாபஸ் வாங்கிக்கிறேன்.

இன்னிக்கேவா? ஆறு மணி ரீடிங் முடிஞ்சவுடனேயா? மூணு பேருமா, இந்த வண்டியிலயா? படாளத்துக்கா? நானா? மாமாகிட்ட நானா சொல்லணும்? உங்ககிட்ட சொன்ன மாதிரியே, மொதல்லேர்ந்தா?

வரேன் அத்த. கண்டிப்பா வரேன். வூட்டுல வெச்சி சொல்ல வேணாம், எனக்கு ஸ்டீரிங் கையில இல்லன்னா வார்த்த வராது. அவர மெதுவா வண்டியில ஏத்தி வுடுங்க, ஜிஎஸ்டி ரோட்டுல மதுராந்தகம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம். ஆமா, மாமா வழியில நடுவுல கேள்வி கீள்வி கேப்பாரா, இல்ல உங்கள மாதிரி கம்முனு வருவாரா?